போனை எடுக்காத பள்ளிபாளையம் மச்சானுக்கு

நாமக்கல்,
ஆவணி மாதம், புதன்கிழமை மாலை.

மரியாதையிலும் பிடிவாதத்திலும் எங்களுக்கெல்லாம் மூத்தவரான மச்சான் தீனதயாளன் அவர்களுக்கு, தங்கை வீட்டுக்காரன் பூபதி வணங்கி எழுதுவது.

இங்கே நான், உங்கள் தங்கை மைதிலி, மகள் பிரவீனா, மகன் சந்தோஷ்குமார், என் அம்மா, பட்டறையில் பாதி பாடி கட்டிய நிலையில் நிற்கும் இரண்டு லாரிகள், எல்லாரும் சுகம். அங்கே நீங்களும் உங்கள் வீட்டு அக்காவும் சுகமென்றும், தறி நிற்காமல் ஓடுகிறதென்றும் நம்புகிறேன். நம்புகிறேன் என்று எழுதக் காரணம், கேட்டுத் தெரிந்துகொள்ள எனக்கு வழியில்லை. என் நம்பரைத்தான் பிளாக் செய்துவிட்டீர்களே. இந்தக் காலத்தில் ஒரு மனிதன் தாளை எடுத்துக் கடிதம் எழுதுகிறான் என்றால் அவனை எவ்வளவு தூரம் தள்ளியிருக்கிறீர்கள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். பேனாகூட பிரவீனாவிடம் இரவல் வாங்கியது.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு, நம் சந்தோஷுக்குக் குலதெய்வம் கோயிலில் காது குத்துவதாக இருக்கிறோம். பையனுக்கு ஐந்து நடக்கிறது. இதை விட்டால் அடுத்த ஒற்றைப்படை ஏழு. ஏழு வயதில் அவனைப் பிடித்து உட்கார வைக்க லாரிக்குக் கட்டுகிற கயிறு வேண்டும். காது குத்த வேண்டுமென்றால் தாய்மாமன் மடி வேண்டும், அந்த மடி உங்களிடம் இருக்கிறது. தட்டில் வேட்டி, பழம், வெற்றிலை வைத்து உங்கள் வீட்டுக்கு வந்து முறைப்படி அழைக்க நான் தயார். ஆனால் அதற்கு முன்னால், “என்னைக்கு வாரதுங்க மச்சான்?” என்று நான் கேட்டு, “வியாழக்கெழம வாங்க மாப்ள” என்று நீங்கள் சொல்ல வேண்டும் அல்லவா? சொல்லாமல் கொள்ளாமல் வந்து, நீங்கள் நூல் எடுக்க ஈரோட்டுக்குப் போயிருந்தால், வாழைப்பழத் தட்டோடு தறிக்கூடத்து வாசலில் நான் நிற்பதை உங்கள் ஆட்கள் அத்தனை பேரும் தறியை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். அதனால் போன் செய்தேன். மூன்று வாரமாகச் செய்கிறேன். “டொய்ங்” என்று ஒரு சத்தம், உடனே கட். எங்கள் பட்டறைப் பெயிண்டர் அறிவைக் கூப்பிட்டுக் காதில் வைத்துக் கேட்கச் சொன்னேன். “இது பிளாக்குத்தானுங்க. எங்க மாமனாரு எனக்குப் பண்ணுனப்பவும் இதே டொய்ங்குதான்” என்று அடித்துச் சொல்லிவிட்டான். மச்சானிடம் இருப்பது பட்டன் போன் ஆயிற்றே, அதில் பிளாக் செய்ய முடியுமா என்று கேட்டேன். “மனசு வெச்சா முடியுங்க” என்றான்.

உங்கள் தங்கையிடம் சொல்லிப் பார்த்தேன். நீங்களும் அவளும் தினமும் மத்தியானம் ஒரு மணி நேரம் பேசுகிறீர்கள். கொத்தமல்லி விலை, தறிக்காரர் வீட்டு வளைகாப்பு, அக்காவின் முழங்கால் எல்லாம் அதில் வந்துவிடுகிறது. இந்தக் காதுகுத்து மட்டும் இரண்டு பேர் வாயிலும் வருவதில்லை. “நீயே ஒரு வார்த்தை கூப்பிடக் கூடாதா?” என்றேன். “ஏனுங்க, பொறந்த ஊட்ட நானே கூப்பட்டா அது கூப்பட்டதா ஆகுமா? கட்டிக்கிட்டவரு நீங்க கூப்புடோணும். எங்கண்ணன் மடியில உக்காராம எம்பையன் காதுல ஊசி படாது” என்று சொல்லிவிட்டாள். அவசரத்துக்கு ஆத்தூரில் இருக்கும் உங்கள் சித்தப்பா மகனை உட்கார வைத்தால் என்ன என்று ஒரு யோசனை சொன்னேன். அன்றிலிருந்து என் தட்டில் ரசம் மட்டும் விழுகிறது. அப்பளம்கூடக் கிடையாது மச்சான்.

உங்கள் கோபத்துக்குக் காரணம் எனக்குத் தெரியாமல் இல்லை. திருச்செங்கோட்டுக் கல்யாணத்தில் நீங்கள் பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தபடி தூங்கினீர்கள். பக்கத்திலேயே கெட்டிமேளம் அடித்தும் எழவில்லை. நான் ஒரு சின்ன வீடியோ எடுத்து, பின்னால் தாலாட்டு ஓட விட்டு, ஸ்டேட்டஸில் வைத்தேன். அவ்வளவுதான் நடந்தது. அது ஒரு நாளில் தானாக அழிந்துவிடும் சமாச்சாரம். உங்கள் நூல் வியாபாரி உங்களைப் பார்த்து “தூக்கம் தெளிஞ்சுதுங்களா?” என்று கேட்டதற்கு நான் எப்படிப் பொறுப்பாக முடியும்? “அத எடுத்துப்போடுங்க மாப்ள” என்று அன்று நீங்கள் விடாமல் போன் செய்தீர்கள். நான் வேலையாக இருந்தபடியால் எடுக்க இயலவில்லை. இதில் ஒரு விசேஷம் என்னவென்றால், ஜில்லாவே பார்த்துச் சிரித்த வீடியோவை இதுவரை பார்க்காத ஒரே ஆள் நீங்கள்தான். பட்டன் போன். பார்த்திருந்தால் நீங்களும் சிரித்திருப்பீர்கள் என்பது என் கருத்து. பிரவீனா கருத்து வேறு. “ஒருத்தரக் கேக்காம அவங்க வீடியோவப் போடக் கூடாதுப்பா” என்று அன்றைக்கே என்னிடம் சொன்னாள். வயதுக்கு மீறிய பேச்சு என்று அடக்கிவிட்டேன்.

அதோடு நீங்கள் விட்டீர்களா? “வயசுப் புள்ளைய ஊட்ல வெச்சுக்கிட்டு போனும் கையுமாத் திரியறீங்க. புள்ளையும் அப்படியே கெட்டுப் போகுது பாருங்க” என்று அடுத்து வந்த விசேஷத்தில் பந்தி வரிசையில் நின்றபடி என்னை ஒரு பிடி பிடித்தீர்கள். அது என்னைச் சுட்டுவிட்டது. அதனால்தான் இந்தக் கடிதம் நீளமாகிறது. பிள்ளையை நான் எப்படி ஒழுங்குக்குக் கொண்டுவந்தேன் என்பதை நீங்கள் முழுக்கத் தெரிந்துகொள்ள வேண்டும். அப்போதுதான் எப்பேர்ப்பட்ட பொறுப்பான ஆளை பிளாக் செய்திருக்கிறீர்கள் என்று உங்களுக்கு உறைக்கும்.

மச்சான், நாம் வயசுப் பிள்ளைகளாக இருந்த காலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் தறி வியாபாரத்துக்காக வைத்திருந்த சுற்றுகிற போனில், உங்கள் அப்பாவான மாமா ஒரு சின்னப் பூட்டைப் போட்டுச் சாவியை அரைஞாணில் கட்டிக்கொண்டு திரிந்தார். பள்ளிக்கூட விடுமுறைக்கு நான் அத்தை மகனாய் அங்கே வந்து கிடப்பேன். ரிசீவர் வைக்கும் கட்டையைத் தட்டித் தட்டி நம்பர் போடலாம் என்று கண்டுபிடித்தது நீங்கள். மூன்றுக்கு மூன்று தட்டு, ஏழுக்கு ஏழு தட்டு. இவ்வளவு வித்தை செய்து பூட்டை ஜெயித்து யாரிடம் பேசினோம்? ஈரோட்டுத் தியேட்டருக்குப் போட்டு “இன்னைக்கு என்ன படமுங்க?” என்று கேட்டுவிட்டு வைத்தோம். நமக்குத் தெரிந்தவர்கள் எல்லாரும் அதே வீட்டில்தான் இருந்தார்கள், வேறு யாருக்குப் பேசுவது? பில்லைப் பார்த்துவிட்டு மாமா லைன்மேனைப் போட்டு வாங்கு வாங்கென்று வாங்கினார். நாம் இருவரும் மோர் குடித்துக்கொண்டு பார்த்தோம்.

அடுத்து உங்கள் மகன் கோகுல்ராஜ் காலம். இப்போது பெங்களூரில் பெரிய மனுஷன் போல இங்கிலீஷ் பேசுகிறான், போகட்டும். பதினாறு வயதில் ஃபேஸ்புக்கில் அவன் செய்த அட்டகாசம் எனக்கு மறக்கவில்லை. உங்கள் தறிக்கூடத்து வாசலில், யாருடையதோ பைக்கில் சாய்ந்து, கூலிங்கிளாஸ் போட்டு ஒரு படம். கீழே “தனிமையே என் துணை” என்று எழுதி, அறுபது பேரை டேக் செய்து கோத்துவிட்டிருந்தான். அந்தத் தனிமையில் நான் இருந்தேன், அவன் டியூஷன் வாத்தியார் இருந்தார், காலமான எங்கள் பெரியப்பாவின் கணக்கும் இருந்தது. அரைப் பரீட்சையில் கணக்கில் கோட்டை விட்டதும் “உடைந்த இதயம்” என்று போட்டான். நான் அதைப் பார்த்து உங்களுக்கு போன் செய்து, நீங்கள் வீட்டுக்குப் போய் அவன் முதுகில் நாலு வைத்து, எல்லாம் உங்கள் ஊர் பஸ் ஈரோடு போய்ச் சேரும் நேரத்துக்குள் முடிந்துவிட்டது. அப்படிப்பட்ட பிள்ளைகளை வளர்ப்பது சுலபம். எதைத் தின்றான், எவளைப் பார்த்து ஏங்கினான் என்பதை அவனே ஊரைக் கூட்டிச் சொல்லிவிடுவான்.

பிரவீனா அந்த ரகம் இல்லை. பிளஸ் ஒன் சேர்ந்ததும் படிப்புக்கு வேண்டும் என்றாள், நல்ல போனாகவே வாங்கிக் கொடுத்தேன். நான் இன்னும் மூலை உடைந்த என் பழைய போனைத்தான் வைத்திருக்கிறேன் என்பதையும் இங்கே குறித்துக்கொள்ளுங்கள். இன்ஸ்டாகிராமில் கணக்கு வைத்திருக்கிறாள். போய்ப் பார்த்தால் கதவு பூட்டியிருக்கிறது. முகப்புப் படத்தில் எங்கள் பட்டறை நாயின் ஒரு காது மட்டும் தெரிகிறது. அவள் போட்டிருக்கும் படங்களின் எண்ணிக்கை பூஜ்ஜியம். “ஒண்ணுமே போடறதில்லைன்னா எதுக்குக் கண்ணு கணக்கு?” என்று கேட்டேன். “சும்மா இருக்கறதுக்குப்பா” என்றாள். உள்ளே விடச் சொல்லி விண்ணப்பம் கொடுத்துப் பல நாளாக வெளியே நிற்கிறேன், சொந்த மகள் தாழ்ப்பாளைத் திறக்கவில்லை. நான் ஸ்டேட்டஸ் போடாத நாள் கிடையாது. காலையில் ரோஜாப் பூவோடு வணக்கம், மத்தியானம் சாப்பாட்டு இலை, சாயந்திரம் பட்டறை, இப்படி என் வாழ்க்கை திறந்து கிடக்கிறது. பதினாறு வயதுப் பிள்ளை எதையுமே போடவில்லை என்றால் எதையோ மறைக்கிறாள் என்றுதானே அர்த்தம்? இந்த லட்சணத்தில் ஒரு நாள் அவள் சொல்கிறாள், “தீனா மாமா போன்தாம்ப்பா கெத்து. எங்க கிளாஸ்ல ரெண்டு பேரு அதே மாதிரி பட்டன் போனு வாங்கியிருக்காங்க.” நீங்கள் இருந்த இடத்திலேயே அசையாமல் உட்கார்ந்திருந்தீர்கள், ஊர் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு உங்கள் பின்னால் வந்து நிற்கிறது. எனக்கு வந்த வயிற்றெரிச்சலைச் சொல்லி முடியாது.

சரி, தந்திரமாகப் போவோம் என்று முடிவு செய்தேன். ‘ஜீவா’ என்ற பெயரில் பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் பெண்ணாக ஒரு கணக்கைத் தொடங்கினேன். முகப்புக்கு சூரியகாந்திப் பூ. ரொம்ப யோசித்து, வயதுக்குத் தகுந்தாற்போல முதல் செய்தியை எழுதினேன். “வணக்கம் தோழி. நலமா? சாப்பிட்டாயா? பாடங்கள் எப்படிப் போகின்றன? எதையும் பெற்றோரிடம் மறைக்காதே.” கூடவே ஒரு ரோஜாப்பூப் படம். அனுப்பிவிட்டுத் திரும்புவதற்குள் பதில் வந்துவிட்டது. “அப்பா, கண்ணாடியப் போட்டுக்கிட்டு டைப் பண்ணுங்க, கண்ணு வலிக்கும்.” எப்படிக் கண்டுபிடித்தாள் என்று இரண்டு நாள் மண்டையைக் குடைந்தேன். கடைசியில் அவளே பரிதாபப்பட்டு, “எங்க வயசுல யாரும் வாக்கியத்துக்கு வாக்கியம் முற்றுப்புள்ளி வெக்க மாட்டாங்கப்பா” என்றாள்.

அதன் பிறகுதான் பெயிண்டர் அறிவு ஒரு ஆப்பைப் பற்றிச் சொன்னான். பெற்றோர் போனில் ஒன்று, பிள்ளை போனில் ஒன்று என்று போட்டுவிட்டால், பிள்ளை எத்தனை நேரம் பார்க்கலாம், எப்போது தூங்கலாம், யார் யாரோடு பேசலாம், எங்கே நிற்கிறது என்பதையெல்லாம் பெற்றவர் இருந்த இடத்திலிருந்தே கட்டுப்படுத்தலாமாம். மாமா போட்ட பூட்டுக்கு இது பேரன் முறை. பள்ளிக்கூட விஷயம் என்று பொய் சொல்லிப் பிரவீனாவின் போனை வாங்கிக்கொண்டேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மொபைல் கடையில் இரண்டு போனையும் கொடுத்து, “ஒண்ணு அப்பனுது, ஒண்ணு புள்ளையுது. பாத்துப் போட்டு வையுங்க” என்று சொல்லிவிட்டு எதிரில் டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கடைக்காரர் கெட்டிக்காரர், ஒரு கேள்வி கேட்கவில்லை.

பலன் என்ன என்கிறீர்கள்? ஒரே வாரத்தில் குடும்பமே மாறிவிட்டது. பிரவீனாவின் பாசத்தைக் கேளுங்கள். சர்க்கரை வியாதிக்காரன் பரோட்டா தின்னக் கூடாது என்று டாக்டர் சொன்னதில் இருந்து, வீட்டில் சொல்லாமல் சேந்தமங்கலம் ரோட்டுக் கடைக்கு அவ்வப்போது போவேன். இப்போதெல்லாம் அந்தக் கடை பெஞ்சில் உட்கார்ந்ததும் என் போன் அடிக்கிறது. “அப்பா, எங்கிருக்கீங்க?” பரோட்டாவைப் பிய்க்கும் முன்னாலேயே கேட்கிறாள் மச்சான். பட்டறையில் இருக்கிறேன் என்றால், “செரி, பட்டறைக்கே போங்க” என்று வைத்துவிடுகிறாள். அப்பனுக்கும் மகளுக்கும் இப்படி ஒரு மனத்தொடர்பை நான் எங்கேயும் கேள்விப்பட்டதில்லை. கண் கலங்கிவிட்டேன். பரோட்டாவும் ஆறிவிட்டது.

என் போனுக்குத்தான் வயசாகிவிட்டது. ராத்திரி ஒன்பது அடித்தால் போதும், ஒரு நிலாப் படத்தைக் காட்டிவிட்டுத் தானாகத் தூங்கிவிடுகிறது. குட்டிக் குட்டி வீடியோக்களை அரை மணி நேரம் பார்த்தால் ஒரு கரடிக் குட்டி வந்து, வெளியே போய் விளையாடச் சொல்லிக் கையை ஆட்டுகிறது. ஏதோ அரசாங்க உத்தரவு என்று நினைத்து நானும் எழுந்து போய் நடந்துவிட்டு வருகிறேன். அதில் சர்க்கரை இறங்கியிருப்பதாக டாக்டர் சொன்னார், அது வேறு கதை. போன வாரம் ஒரு கேம் ஏற்றப் பார்த்தேன். உன் பெற்றோர் அனுமதி வேண்டும் என்று இங்கிலீஷில் கேட்டது. அப்பா போய்ச் சேர்ந்து பல காலம் ஆயிற்று, அதனால் அம்மாவிடம் போனை நீட்டினேன். “என்னமோ பண்ணு சாமி, எனக்கு முதுகு வலி” என்று கட்டை விரலால் தேய்த்துக் கொடுத்தாள். அது ஏற்கவில்லை. ஆதார் கார்டில் அம்மா பெயரில் ஏதாவது தப்பு இருக்கும்.

இப்படிச் சீராகப் போய்க்கொண்டிருந்த வேளையில்தான் உங்கள் பிளாக். போன ஞாயிறு கோகுல்ராஜ் மைதிலியின் போனில் பேசினான், என்னிடமும் கொடுத்தாள். “மாமா, அப்பா உங்க மேல ரொம்பக் கோவமா இருக்காரு. அவரு எத்தன தடவ கூப்பட்டாலும் நீங்க போனே எடுக்கறதில்லையாமா” என்கிறான். மச்சான், இது அடுக்குமா? நாள் தவறாமல் டொய்ங் டொய்ங் என்று கேட்டுக்கொண்டிருப்பவன் நான், கூப்பிடுவதாகச் சொல்லிக்கொள்வது நீங்களா? கோபப்படுங்கள், நீங்கள் மூத்தவர், உரிமை இருக்கிறது. நான் போனை எடுக்கவில்லை என்று பெற்ற மகனிடமே பொய் சொல்வது உங்கள் தறிக்கும் தகுதிக்கும் பொருந்துகிற காரியமா? ஆள் வளர்ந்தால் போதாது, ஒரு மரியாதை வேண்டும். போனில் ஒருவன் நம்பரைப் பூட்டி வைப்பதெல்லாம் மீசை முளைக்காத பயல்கள் செய்கிற வேலை. மைதிலியின் போனிலிருந்து உங்களைக் கூப்பிட எனக்கு ஒரு நிமிடம் ஆகாது. கூப்பிட மாட்டேன். பெண்டாட்டி போனுக்குள் ஒளிந்துகொண்டு வந்து பேசுகிறவன் இல்லை இந்தப் பூபதி.

இவ்வளவும் எழுதிய பிறகு ஒன்றை மறைக்க மனசு வரவில்லை. பிரவீனாவுக்குக் காது குத்தியபோது அவள் உங்கள் மடியில் உட்கார்ந்து உங்கள் கட்டை விரலைக் கடித்தாள். ரத்தமே வந்தது. நீங்கள் விரலை எடுக்கவில்லை. “கடிச்சுக்க சாமி, மாமன் வெரலுதான்” என்று சொல்லிக்கொண்டே ஆசாரி இரண்டாவது காதை முடிக்கும் வரை உட்கார்ந்திருந்தீர்கள். சந்தோஷ் தன் அக்கா பிரவீனாவைவிட முரடன், அவன் கடித்தால் தாங்குகிற விரல் நம் சொந்தத்தில் வேறு யாருக்கும் இல்லை. நீங்கள் வராத விசேஷத்துக்கு நான் பந்தல் போட்டு என்ன, சோறு போட்டு என்ன? சண்டை போடக்கூட எனக்கு உங்களை விட்டால் ஆள் கிடையாது. தயவு செய்து பிளாக்கை எடுத்துவிட்டு, “வாங்க மாப்ள” என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். சொல்லாவிட்டால் காதுகுத்து நின்றுவிடும். நின்றால் அதற்குப் பொறுப்பு முழுக்க முழுக்க நீங்களும் உங்கள் பட்டன் போனும்தான் என்று ஊர் முன்னால் சொல்வேன்.

அக்காவின் முழங்கால் சீக்கிரம் குணமாகட்டும். உங்கள் தறியில் நூல் அறாமல் ஓடட்டும், நூல்காரர் உங்களைப் பார்த்துச் சிரிக்காமல் இருக்கட்டும். பெரியவர்களுக்கு என் கும்பிடு, சின்னவர்களுக்கு என் அன்பு, உங்களுக்கு இரண்டிலும் கொஞ்சம்.

இப்படிக்கு,
எத்தனை முறை கட் செய்தாலும் உங்கள் மாப்பிள்ளையான,
பூபதி.

பின்குறிப்பு: கடிதத்தைக் கவரில் போட்டு விலாசம் எழுதச் சொல்லிப் பிரவீனாவிடம் கொடுத்தேன். விலாசம் எழுத இவ்வளவு நேரமா என்று போய்ப் பார்த்தால், உட்கார்ந்து முழுக்கப் படித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறாள். எழுந்ததும் ஒரு விவரம் சொன்னாள். மறுபடி முதலில் இருந்து எழுதப் பொறுமை இல்லாததால், மேலே “நீங்கள் பிளாக் செய்தீர்கள்” என்று வருகிற இடங்களில் எல்லாம் “என் போன் பிளாக் செய்தது” என்று மாற்றி வாசித்துக்கொள்ளவும். “பொய்” என்று வருகிற இடத்தை வாசிக்கவே வேண்டாம். நடந்தது இதுதான். அந்த மொபைல் கடைக்காரர், விலை கூடின போன்தான் அப்பனுடையதாக இருக்கும் என்று நினைத்து, பிரவீனா போனைப் பெற்றோர் என்றும் மூலை உடைந்த என் போனைப் பிள்ளை என்றும் போட்டுவிட்டார். ஆக, ஒரு மாதமாக நான்தான் பிள்ளை. அவள்தான் என்னை ஒன்பது மணிக்குத் தூங்க வைத்திருக்கிறாள், பரோட்டாக் கடையில் பிடித்திருக்கிறாள், கரடிக் குட்டியை அனுப்பியிருக்கிறாள். “தெரிஞ்சதும் ஏன் கண்ணு சொல்லலை?” என்று கேட்டேன். “என்னய நல்லா வளக்கறதா நெனச்சு நீங்க சந்தோசமா இருந்தீங்கப்பா. சர்க்கரையும் கொறஞ்சுது. கெடுக்க மனசு வல்ல” என்கிறாள். யார் யாரோடு நான் பேசலாம் என்ற அனுமதியையும் அவள்தான் கொடுத்திருக்கிறாள். அதில் உங்கள் நம்பர் மட்டும் எப்படியோ விட்டுப் போயிருக்கிறது. ஏதோ இயந்திரக் கோளாறு. பெரிதுபடுத்த வேண்டாம். – பூ.

பின்குறிப்புக்குப் பின்குறிப்பு: மாமா, நான் பிரவீனா. கவரை ஒட்டறதுக்கு முன்னால அப்பாவுக்குத் தெரியாம எழுதறேன். இயந்திரக் கோளாறெல்லாம் ஒண்ணுமில்லீங்க மாமா. அப்பா போன்ல யாருக்கும் ஒழுங்காப் பேரு இருக்காது. டயர்க்காரரு ‘டயர்’, பிளைவுட்டுக்காரரு ‘பலகை’ன்னு இருக்கும். மனை விக்கறேன், லோன் தாரேன்னு கூப்படறவங்கள எல்லாம் ‘எடுக்காதே’ன்னு போட்டு வெச்சிருக்காரு. நான் ஒரு நல்ல அம்மா மாதிரி ஒவ்வொண்ணாப் பாத்து, ‘எடுக்காதே’ன்னு இருந்த எல்லாத்தையும் பூட்டிட்டேன். இன்னைக்கு இந்தக் கடுதாசியப் படிச்ச பொறகுதான் சந்தேகம் வந்து அந்த நம்பருகள எடுத்துப் பாத்தேன். கல்யாணத்தன்னைக்கு நீங்க விடாமக் கூப்பட்டீங்க இல்லீங்களா, அப்ப உங்களையும் அப்பா ‘எடுக்காதே’ன்னு மாத்தியிருக்காருங்க. பொறகு திருப்பி மாத்த மறந்துட்டாரு. ‘மச்சான்’னு இன்னொரு நம்பரு இருக்குது. அது நீங்க மூணு வருசத்துக்கு முன்னால தொலச்ச சிம்முங்க. அப்பா தெனமும் டொய்ங்குன்னு கேட்டுக்கிட்டு இருந்தது அந்த நம்பருக்குத்தான்.

இப்பப் பூட்ட எடுத்துட்டேன். பேரையும் ‘தீனா மாமா’ன்னு மாத்திட்டேன். காதுகுத்துல யாரு எந்த வீடியோப் போடறதா இருந்தாலும் எங்கிட்ட அனுமதி கேட்டுத்தான் போட முடியும், அப்பாவும் சேத்தித்தான். கடுதாசி கெடச்சதும் கூப்படுங்க மாமா. எடுப்பாரு. எடுக்கலைன்னா ஒன்பது மணிய ஏழு மணியா மாத்திருவேன்.